சந்தாபுராவில் ஒரு மொட்டைமாடி

பெங்களூரில் ரிச்மண்ட் டவுன் என்று ஒரு இடமும் ரிச்சர்ட்ஸ் டவுன் என்று இன்னொரு இடமும் இருக்கின்றன. எனக்கு அது தெரியாது. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, குளிரில் பல் தந்தியடிக்க ஆட்டோ பிடித்தேன். ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் இறக்கிவிட்டார் டிரைவர். நான் தேடிய பெண்கள் விடுதி அங்கே இல்லை. விசாரித்தால், அது ஸ்டேஷனுக்குப் பின்பக்கமே இருக்கிறதாம்.

"ரிச்சர்ட்ஸா? ரிச்மண்டுன்னுதானே மேடம் காதுல வுழுந்துச்சு" என்றார் டிரைவர். "இனிமே ஸ்பெல்லிங் கேட்டுத்தான் வண்டில ஏத்தணும்." திரும்பும் வழி முழுக்க மீட்டரை அணைத்து வைத்திருந்தார். அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

நான் கோயமுத்தூரில் வக்கீல். எங்கள் ஊரில் தோட்டத்தோடு இருந்த பழைய வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வீடு வாங்கியவர்கள் அலுவலகத்துக்கு வந்து புதுப்புதுக் கேள்விகளாகக் கேட்டார்கள். படிக்கட்டு யாருடையது? கிணறு யாருடையது? சங்கம் வைத்தால் சேராதவரை என்ன செய்வது? எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் சீனியரிடம் கேட்டால், "தண்ணி மோட்டார் சண்டைக்கெல்லாம் சட்டமாம்மா?" என்று சிரித்தார். அடுக்குமாடி வீட்டுச் சங்கங்களுக்கான சட்டத்தை வக்கீல்களுக்குச் சொல்லித்தர பெங்களூரில் ஒரு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், அவரிடம் அனுமதி கேட்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பு, கப்பன் பூங்காவைத் தாண்டி ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். அதற்கு எதிரே நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்று. இட்லியைச் சாம்பாரில் முக்கிக் கொடுத்தார்கள். சாம்பாரில் வெல்லம். ஒரு வாய் வைத்ததும் யாரோ தெரியாமல் பாயசக் கரண்டியைப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். எங்கள் ஊரில் இப்படிச் சாம்பார் வைத்தால் சரக்கு மாஸ்டருக்கு அன்றோடு வேலை போய்விடும். ஆனால் காபி? அதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எங்கள் ஊர் தோற்றுவிட்டது.

பாடம் எடுத்தவர் பிரமிளா. என் வயதுதான் இருக்கும். பெங்களூர்க் கோர்ட்டுகளில் வீட்டுச் சங்கங்களுக்காகவே வாதாடுகிறவர். ஆங்கிலத்தில் பேசுவார், வேகம் எடுத்தால் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். பின்வரிசையில் இரண்டு பேர் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த தோள் அகன்ற மனிதர் மெல்லத் தமிழில் மொழிபெயர்த்தார்: "சங்கமே இல்லாத கட்டடம்தான் நமக்கு லாபம்ங்கறாங்க மேடம். பில்டர் சைடு வக்கீலுங்க."

"நீங்க?"

"நானும் அதே சைடுதான்" என்றார் கூசாமல். அவர் பெயர் பெஞ்சமின். தாத்தா காலத்திலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன்வாசி. "பில்டர் என்ன செய்யக் கூடாதுன்னு அவனுக்கு யாராவது சொல்லணும் இல்லையா? அதுக்குத்தான் நோட்ஸ் எடுக்கறேன்." மதியம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, தேங்காய்ப்பால் சாதத்தில் பாதியையும் கோளா உருண்டையில் பாதிக்கு மேலும் என் தட்டில் தள்ளினார். ஆரஞ்சும் கேக்குமாக இருந்த என் மதிய உணவை அவர் உணவாகவே மதிக்கவில்லை.

அறிமுகம் செய்துகொள்ளும்போது ஒவ்வொருவரும் பெயரையும் எந்தக் கோர்ட் என்பதையும் சொன்னோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். "ரேணுகா. சந்தாபுரா. கணக்கு டீச்சர்" என்றார்.

அறை சிரித்தது. பிரமிளா சிரிக்கவில்லை. இது வக்கீல்களுக்கான வகுப்பு என்று நிதானமாகச் சொன்னார்.

"வக்கீலுங்க மட்டும்னு நீங்க விளம்பரத்துல போடலையே மேடம்" என்றார் ரேணுகா ஆங்கிலத்தில். "எங்க பில்டிங் மேல எங்க பில்டர் என்ன பண்ணலாம், என்ன பண்ணக் கூடாதுன்னு எனக்குத் தெரியணும். வேற எங்கயும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

மாலையில் அதே ஓட்டலில் ரேணுகா 'பை டூ' என்று சொல்லி ஒரு காபியை இரண்டு கிளாஸில் வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார். பெங்களூர்க்காரர்கள் இப்படித்தான் சிநேகம் பிடிப்பார்கள் போலிருக்கிறது. ரேணுகாவுக்குச் சொந்த ஊர் தர்மபுரி. கணவர் செல்வம் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. சந்தாபுராவில் மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்தளத்தில் வீடு. அந்த வீட்டுக்கு மேலே, மொட்டைமாடியில், இன்னொரு தளம் எழுப்பக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார் பில்டர்.

"பெட்ரூம் சீலிங்ல வெடிப்பு விட்டுருக்கு. ஜல்லி கொட்டுனதுலேருந்துதான். எம் பொண்ணு அதுக்கு நேர் கீழதான் படுத்துக்கறா. கட்டில எங்க நகர்த்துனாலும் வெடிப்பு கூடவே வருது."

"மத்த வீட்டுக்காரங்க என்ன சொல்றாங்க?"

"எல்லாரும் சும்மா இருக்காங்க. கீழ் வீட்டுக்கெல்லாம் கூரை போட்ட கார் ஷெட்டு தர்றேன்னு சொல்லியிருக்கான். நான் மட்டும் பேசறேன். எனக்கு இந்த பில்டிங்ல 'சண்டைக்காரி'ன்னு பேரு."

மறுநாள், வெள்ளிக்கிழமை, பிரமிளா பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, வகுப்பையே ஒரு அடுக்குமாடிக் கட்டடமாக மாற்றினார். சிலர் வீட்டுக்காரர்கள், சிலர் பில்டர் ஆட்கள். பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். தலைவர் நான். தண்ணீர்ப் பிரச்சினையைத் தொட்டதுதான் தாமதம், வக்கீல்கள் அனைவரும் நிஜ வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவர் மேசையில் குத்தினார். ஒருவர் வெளிநடப்புச் செய்து, காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். எல்லோரையும் பேசவிட்டு நான் நடுவில் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் முடிவாகவில்லை.

"நீங்கள் ரொம்ப மரியாதைக்காரர்" என்றார் பிரமிளா என்னிடம். பாராட்டவில்லை என்று தெரிந்தது. "ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று ஒவ்வொரு வீடாகச் சொல்லவையுங்கள். கோர்ட்டில் ஜெயிப்பது பிறகு. முதலில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களை ஒரே வார்த்தை சொல்லவைக்க வேண்டும்."

அன்று பிற்பகல் ரேணுகா எழுந்து தன் கட்டடத்தின் கதையைக் கேள்வியாகக் கேட்டார். இடத்தையும் அடையாளத்தையும் சொல்லியே கேட்டார். பிரமிளாவின் பதில் சுருக்கமாக இருந்தது: மொட்டைமாடி பொதுச்சொத்து. ஒரு வரைபடத்தைக் காட்டி வீடுகளை விற்ற பிறகு, வாங்கியவர்கள் அத்தனை பேரும் சம்மதித்தால் ஒழிய, அதன் மேல் இன்னொரு தளம் எழுப்பக் கூடாது. ஒருவர் மறுத்தாலும் கூடாது.

நான் திரும்பி பெஞ்சமினைப் பார்த்தேன். அதுவரை விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்திருந்தார். இடைவேளையில் எங்களோடு காபிக்கு வரவில்லை. ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது ரேணுகாவின் கைப்பேசி அடித்தது. செல்வம் பேசினார். கேட்கக் கேட்க ரேணுகா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சிமெண்டு மூட்டை வந்து இறங்கியிருக்காம். நாளைக்குக் காலைல பில்லர் காங்கிரீட் போடறாங்களாம். ஞாயித்துக்கிழமைல்ல... கோர்ட்டும் கெடையாது, ஆபீசும் கெடையாது."

ஞாயிறு மதியம் எனக்கு ரயில். பெங்களூரில் எனக்கு ஒரு நாற்காலி கூடக் கிடையாது, கன்னடத்தில் பத்து வார்த்தை தெரியாது. இதையெல்லாம் ரேணுகாவிடம் சொல்லலாமென்று வாயெடுத்தேன். அவர் அழுதிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அவர் அழவில்லை. "நான் மட்டும் போயி கம்பி மேல உக்காந்துக்கறேன். என்ன பண்ணிடுவாங்க?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"தனியா எதுக்குங்க உக்காரோணும்?" என்றேன். "காத்தால நான் வந்தர்றேன். அதுக்குள்ள அத்தனை வீட்டுக்கும் சொல்லி வைங்க, மொட்டைமாடில கூட்டம்னு."

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியும் கையுமாக, சந்தாபுரா வழியாகப் போகும் ஆனேக்கல் பஸ்ஸை மார்க்கெட்டில் பிடித்தேன். ஓசூர் ரோடு அன்றைக்கே அப்படித்தான் இருந்தது. லாரிக்குப் பின்னால் லாரி, நடுவில் மேம்பாலத்துக்கோ எதற்கோ தோண்டிப்போட்ட பள்ளம். கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டியதும் வெடிகுண்டு வெடித்தது போல ஒரு சத்தம். டயர் போய்விட்டது. கண்டக்டர் இறங்கிப் பார்த்து, கையை விரித்து, கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். பக்கத்து சீட்டுப் பெண்மணி அதைத் தமிழில் இரண்டே வார்த்தையில் முடித்தார்: "நடங்க, அவ்ளோதான்."

நடந்தேன். ஹெப்பகோடியில் கம்பெனி முடிந்து வீடு திரும்பும் ஆட்களை ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. உள்ளே கிருஷ்ணகிரித் தமிழும் திருவண்ணாமலைத் தமிழும் கலந்து ஒலித்தன. ராத்திரி ஷிஃப்ட் முடிந்த அலுப்பிலும் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "சந்தாபுரா சர்க்கிள்ல எறக்கி வுடுறோம் மேடம், கம்பிய கெட்டியா புடிச்சிக்கோங்க." பிடித்துக்கொண்டேன். சேலை முழுக்கச் செம்மண் புழுதியோடு போய்ச் சேர்ந்தேன்.

மொட்டைமாடியில் கம்பிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. ஒரு ஓரத்தில் ஜல்லி மலையாகக் கிடந்தது. கீழே வாசலில் கலவை இயந்திரத்தோடு வேலையாட்கள் காத்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள், ஆனால் தனித்தனியாக, கைப்பிடிச் சுவரோரம் மூலைக்கு ஒருவராக. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நாலு பக்கமும் முணுமுணுப்பு. கீழ்த்தளத்து ரெட்டி மட்டும் வெளிப்படையாகப் பேசினார்.

"எனக்கு ஷெட்டு தர்றேன்னு சொல்லிட்டாரும்மா. நான் கையெழுத்தும் போட்டுட்டேன். மேல கட்னா எனக்கென்ன? நான் கீழ இருக்கறேன்."

இரண்டாம் தளத்து மஞ்சுளா கன்னடத்தில் அவரோடு சண்டைக்குப் போனார். அவருக்கு இன்னொருவர் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை வகுப்பு அப்படியே திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. ஒரு சிமெண்டுச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கொத்தனார் கரண்டியால் தட்டினேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"பேசறதுக்கு முன்னாடி எல்லாரும் ரேணுகா வீட்டுக்கு ஒரு நிமிஷம் வாங்க" என்றேன். மஞ்சுளா அதைக் கன்னடத்திலும், செல்வம் இந்தியிலும் சொன்னார்கள்.

படுக்கையறையில் வெடிப்பு ஒரு மூலையிலிருந்து மின்விசிறி வரைக்கும் ஓடியிருந்தது. அதன் குறுக்கே செல்வம் நாளிதழ்த் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். அது நடுவில் கிழிந்து, இரண்டு பக்கமும் விலகி நின்றது.

"போன வாரம் ஒட்னதுங்க" என்றார் செல்வம். "வெடிப்பு அகலமாவுதா இல்லையான்னு பாக்க. நேத்து மறுபடியும் ஜல்லி எறக்குனாங்க, கிழிஞ்சிருச்சி."

ரெட்டி கட்டிலின் மேல் ஏறி, அந்தக் கிழிசலுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். இறங்கி, சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அந்தச் சுவருக்கு நேர் கீழே மூன்று தளம் தாண்டி அவர் வீட்டுப் பூஜையறை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

திரும்ப மாடிக்கு வந்தோம். நான் ஒரே கேள்விதான் கேட்டேன். இன்னொரு தளம் கட்டச் சம்மதமா, இல்லையா? வீடு வீடாகக் கேட்டேன். விளக்கம் சொல்ல ஆரம்பித்தவர்களை நிறுத்தினேன். முதலில் வந்த 'இல்லை' மஞ்சுளாவுடையது. சிலர் தயங்கினார்கள், நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். ரெட்டியின் முறை வந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றார்.

"இப்ப என்னங்க சொல்றீங்க?"

"வேண்டாம்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய், வேட்டியை மடித்துக்கட்டி, நட்டுவைத்த கம்பிகளுக்கு நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் போய் உட்கார்ந்தார்கள். யாரும் திட்டமிடவில்லை. யாரோ பாய் கொண்டுவந்தார்கள். மஞ்சுளா அவலாக்கி என்று அவர்கள் சொல்லும் அவல் உப்புமாவைக் கிளறி ஒரு பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்தார்.

பில்டரின் மேனேஜர் கிரீஷ் மேலே வந்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நல்ல தமிழ் பேசினார்.

"நீங்க யாரும்மா புதுசா?"

"கோயமுத்தூருங்க. வக்கீல்."

"கோயமுத்தூர் வக்கீலுக்கு சந்தாபுராவுல என்ன வேலை?"

"நேத்து வரைக்கும் உங்க ஊர்ச் சட்டத்தைத்தானுங்க படிச்சுட்டு இருந்தேன். இவங்க எல்லாரும் சம்மதிச்சாத்தான் நீங்க இங்க ஒரு செங்கல்லு வைக்கலாம். கேட்டுப் பாருங்க, எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

அவர் ரெட்டியைப் பார்த்தார். ரெட்டி அவலாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஷ் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். "எங்க வக்கீல் வர்றாரு. அவருகிட்டப் பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

வெயில் ஏறிவிட்டது. கம்பிகளில் சேலைகளைக் கட்டி நிழல் பண்ணினோம். என் ரயில் போகும் நேரமும் வந்து போனது. அப்போதுதான் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. படியேறி வந்தவர் பெஞ்சமின்.

என்னைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. களைத்துப்போயிருந்தார்.

"டீச்சர் அன்னைக்கு அட்ரஸ் சொன்னப்பவே தெரியும் மேடம், இது நம்ம க்ளையன்ட் பில்டிங்னு. சொல்ல முடியல."

"கோளா உருண்டைய பங்கு போட்டவரு இதையும் சொல்லியிருக்கலாமுங்க" என்றேன். என் குரலில் இருந்த கசப்பு எனக்கே கேட்டது.

அவர் நிழலுக்குள் குனிந்து, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். ரேணுகாவின் மகள் அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெடிப்பைப் பார்க்கிறீர்களா என்று செல்வம் கேட்டார். பெஞ்சமின் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கீழே இருந்த கிரீஷை மாடிப்படிக்குக் கூப்பிட்டுப் பேசினார். கிரீஷின் குரல் உயர்ந்தது, இவருடையது உயரவில்லை. வேலையாட்களின் மேஸ்திரி கீழேயிருந்து கத்திக் கேட்டார்: "சார், கலவை போடலாமா வேணாமா? ஆளுங்க காலைலேருந்து சும்மா நிக்கறாங்க!"

"வேணாம்" என்றார் பெஞ்சமின். "மெஷினை எடுத்துட்டுப் போங்க."

கலவை இயந்திரம் கடகடவென்று தெருமுனை திரும்பியது. பெஞ்சமின் என் பக்கம் வந்தார். "நான் கட்சி மாறல மேடம். ஆளுங்க உக்காந்திருக்கற எடத்துல காங்கிரீட் ஊத்த என்னால சொல்ல முடியாது, அவ்ளோதான். நாளைக்கு ஆனேக்கல் கோர்ட்டுல எதிர்ல நிப்பேன். நல்லாவே வாதாடுவேன்."

"வாதாடுங்க. நானும் இருப்பேன்."

பிரமிளாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "மனுவை நீங்கள் எழுதி வையுங்கள். காலையில் நானே ஆனேக்கல் வந்துவிடுகிறேன்" என்றார். ரேணுகாவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். கணக்கு டீச்சர் ஒவ்வொரு பக்கத்தையும் வாங்கிப் படித்து, தேவையில்லாத வரிகளைப் பென்சிலால் கோடிட்டுத் தந்தார். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் மட்டும் சண்டை போட்டேன், நானே ஜெயித்தேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில் பெஞ்சமின் சொன்னபடியே நன்றாக வாதாடினார். விற்பனைப் பத்திரத்திலேயே மொட்டைமாடி உரிமையைப் பில்டர் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார் என்றார். பிரமிளா எழுந்து நிதானமாகச் சட்டத்தைச் சொன்னார். நீதிபதி பெஞ்சமினிடம் ஒன்றைத்தான் கேட்டார்: "அனைவரின் சம்மதமும் இருக்கிறதா?"

கோர்ட் முழுக்க ரெட்டியும் மஞ்சுளாவும் மற்றவர்களும் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். பெஞ்சமின் திரும்பிப் பார்த்தார். "இல்லை, யுவர் ஆனர்."

மேற்கொண்டு கட்டக் கூடாது, ஒரு பொறியாளர் வந்து வெடிப்பைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. வழக்கு அதன் பிறகும் பல காலம் இழுத்தது. ஆனால் அந்த மேல்தளம் எழவே இல்லை. அன்றைக்கு வெளியே வந்ததும் ரேணுகா என் கையைப் பிடித்துக்கொண்டார். விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அன்று மாலையே மொட்டைமாடியில் சங்கத்தின் முதல் கூட்டம். தலைவர் ரேணுகா, செயலாளர் மஞ்சுளா. ரெட்டியைப் பொருளாளராக்கினார்கள். அவர் வேண்டாமென்று சொல்லிக்கொண்டே ஏற்றுக்கொண்டார். அடுத்த விஷயம் என்ன என்று ரேணுகா கேட்டார். துணி காயப்போடுவது என்றார் ஒருவர். கிழக்குப் பக்கம் வெயில் நன்றாக விழும், அங்கே கொடி கட்டும் உரிமை மேல்தளத்துக்கே என்றார் இன்னொருவர். ரெட்டி எழுந்துவிட்டார்.

"அதெப்படி? மாடி எல்லாருக்கும் பொதுன்னு நேத்துதானே சொன்னீங்க!"

மஞ்சுளா கன்னடத்தில் ஏதோ சொன்னார். இந்தி பேசும் ஒருவர் ஈரத்துணி கீழே சொட்டுவதைப் பற்றிப் புகார் சொன்னார். நான்கு மொழியும் ஒரே நேரத்தில் ஒலித்தன. எனக்கு ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். யாரும் கவனிக்கவில்லை. கடைசிப் படியில் இருக்கும்போது மேலே சிமெண்டுச் சட்டியைக் கரண்டியால் தட்டும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ரேணுகாவின் குரல்:

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க! கெழக்கால கொடி, வேணுமா வேணாமா?"